கொழும்புக்கு மச்சானாகப் போனது

சாயர்புரம் கருப்பட்டிக் கடைக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கி ஒரு மைல்கூட ஆகவில்லை, செருப்பின் வார் அறுந்துவிட்டது. தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போயிருக்கலாம். அந்தக் காசை மிச்சம் பிடித்துக் கொழும்பில் செலவழிப்பதாகத் திட்டம். வழியில் செருப்புத் தைக்கிறவர் பஸ் காசைவிடக் கூடுதலாகக் கேட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நான் போட்ட முதல் கணக்கு இவ்வளவுதான் ஓடிற்று.

உலக யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கடையில் எனக்கு ஓலையில் கருப்பட்டிச் சிப்பம் கட்டுகிற வேலை. நான் கட்டிய சிப்பமெல்லாம் தோணியேறிக் கொழும்புக்குப் போயிற்று. சிப்பம் போகிற ஊருக்குக் கட்டினவன் மட்டும் போகக்கூடாதா என்று ஒருநாள் தோன்றியது. தோன்றினால் கிளம்பிவிடுவது என் பழக்கம். மிஷன் பள்ளியில் ஏழாவது பாதியில் கிளம்பியதும் அப்படித்தான்.

ஆனால் இந்த முறை யோசித்துத் திட்டம் போட்டேன். பள்ளிக்கூடச் சுவரில் பார்த்த தேசப்படம் நினைவில் இருந்தது. அதில் தூத்துக்குடியிலிருந்து மெட்ராஸ் ஒரு சாண், கொழும்பு நாலு விரல்கடை. மெட்ராஸுக்கு ரயில் கட்டணம் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். சாணுக்கு இவ்வளவு என்றால் நாலு விரலுக்கு எவ்வளவு? அதன்படி பணத்தைத் துண்டின் மூலைகளில் முடிந்துகொண்டேன். போவதற்கு ஒரு மூலை, தின்பதற்கு ஒரு மூலை, திரும்பி வருவதற்கு ஒரு மூலை. நான்காவது மூலை முகம் துடைக்க.

உச்சி வெயிலில் பனையோலைப் பெட்டி ஏற்றின மாட்டு வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், தூத்துக்குடிக்குத்தான் போகிறார். ஏறிக்கொண்டேன். வழியில் ஒரு மரத்தடியில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி மறுபடி பூட்டினார். பிறகு அவர் தூங்கினார். நானும் தூங்கினேன். மாடுகள் தூங்கவில்லை. அவற்றுக்குத் தூத்துக்குடியில் வேலை எதுவும் இல்லாததால் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தன.

கண் விழித்தபோது வண்டி கருப்பட்டிக் கடை வாசலில் நின்றது. காலையில் நான் சண்டை போட்டுவிட்டு வந்த கடைக்கார அண்ணாச்சி படியில் நின்றார்.

“என்னலே முத்தையா, கொழும்புக்குப் போயிட்டு வந்துட்டியா? ஊரு எப்படி இருக்கு?”

வண்டியை விட்டு இறங்கி அதே சாலையில் இரண்டாம் முறை நடந்தேன். இந்த முறை வண்டி எதிலும் ஏறவில்லை.

மறுநாள் தூத்துக்குடியில் கப்பல் டிக்கெட் கொடுக்கிற சன்னலில் நின்றேன். உள்ளே கண்ணாடி போட்ட குமாஸ்தா. கப்பலின் திறந்த மேல்தளத்தில் போகிற டெக் டிக்கெட்டுக்கு அவர் சொன்ன தொகை என் நாலு விரலுக்கு எந்த வகையிலும் அடங்கவில்லை. தேசப்படக் கணக்கை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சார், உட்காராம நின்னுக்கிட்டே வந்தா கொறையுமா?” என்றேன்.

“டெக்னா எல்லாரும் நிக்கத்தான் செய்யணும்.”

“அப்ப பாதி தூரத்துக்கு டிக்கெட் உண்டா? மிச்சத்தை நான் வேற மாதிரி பாத்துக்கிடுதேன்.”

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். “பாதி தூரத்துல என்ன இருக்கு தெரியுமாவே? தண்ணி. அங்கன இறங்கி என்ன செய்யப் போறீரு?” என்றவர், “மொதல்ல அம்மை குத்தின சர்டிபிகேட்டைக் கொண்டாரும், நெக்ஸ்ட்!” என்று எனக்குப் பின்னால் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

அம்மை குத்துவது இலவசம் என்றார்கள். இலவசம் என்றதும் உடனே போய்க் குத்திக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் கை புடைத்து வாழைத்தண்டாகிவிட்டது.

வீங்கின கையோடு கடற்கரைக்குப் போனேன். அங்கே பாய்மரத் தோணிகளில் சிப்பமும் வெங்காயமும் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு தோணியின் பக்கத்தில் பெரிய மீசைக்காரர் ஒருவர் கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தோணியின் தண்டல் அவர்தான். தோணியை ஓட்டிப் போகிற தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். அவர் பெயர் கபிரியேல்.

“அண்ணாச்சி, கொழும்புக்கு ஒரு ஆளுக்கு என்ன கேப்பீங்க?”

“துட்டு வாங்கி ஆள் ஏத்துற தோணி இல்ல இது. சொந்தக்காரன்னா சும்மா வரலாம். சொந்தமில்லன்னா என்ன குடுத்தாலும் கிடையாது.”

“சொந்தக்காரனா ஆகுறதுக்கு எவ்வளவு ஆகும்?”

தண்டல் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏலே, உனக்குக் கூடப் பொறந்த அக்கா தங்கச்சி உண்டா?” என்றார். இல்லை என்றேன். “நல்லதாப் போச்சு, வா” என்று ஊசியைப் பாயிலேயே குத்திவிட்டு எழுந்தார்.

தண்டலின் தம்பி சூசை சங்கு குளிக்கிறவன். முத்துக் குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்ததால் அந்த ஆட்கள் எல்லோரும் சங்குதான் குளித்தார்கள். சூசை காலில் கல்லைக் கட்டி அடியில் இறங்குவான், மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. குளிக்கிறவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். கயிறு கைநழுவினால் தாலி அறுவது அவன் அக்காவுக்கு. ஆகவே அவன் விடமாட்டான். நூற்றுக்கணக்கான வருஷங்களாக அங்கே இதுதான் இன்சூரன்ஸ்.

சூசையின் மனைவி ரோசம்மாள் ஆலந்தலைப் பெண். அவளுக்கு ஒரே தம்பி, லாசர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வீட்டில் பெரிய சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறார்கள். மீன்தலை மச்சானுக்கு உரியது. லாசர் கை கழுவிவிட்டு வருவதற்குள் சூசை அதைத் தின்றுவிட்டான். லாசர் கழுவின கையோடு கடற்கரைக்கு இறங்கினான். அன்றைக்கே ஏதோ ஒரு தோணியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டான். சங்கு குளிக்கிற பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது, கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் சூசை வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அடுப்பு ஒருவேளைதான் எரிகிறது.

“கொழும்புல தேடிக் கூட்டிட்டு வரலாமே?” என்றேன்.

“என் தோணிப் பாயைக் கண்டாலே ஓடி ஒளிஞ்சுக்கிடுதான். நான் சந்து சந்தாப் போயி மச்சான் மச்சான்னு கூப்புட்டா என் மீசை என்னத்துக்கு?” என்றார் தண்டல். “நீ போ. கண்டுபிடிச்சு அனுப்பு. சரக்கு ஏறி முடியுத வரைக்கும் இங்கன கயிறு புடி.”

இதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். வள்ளத்துக்காரர் ஒருவர் ஆட்சேபித்தார்: “பனங்காட்டுக்காரன் நமக்கு எப்படிவே மச்சான் ஆவான்? மாதா கோயிலுக்கே வராதவன்.”

ரோசம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் அகப்பை. “லாசர் மட்டும் கோயிலுக்குப் போயி என்னத்தைக் கிழிச்சான்? சீர் செஞ்சா தம்பி. கோவிச்சுக்கிட்டுப் போனா அந்நியன். ஏலே, நீ எனக்கு அண்ணனா தம்பியா?”

எது செலவு குறைவு என்று கேட்டேன்.

“தம்பின்னா சீர் மட்டும் செய்யணும். அண்ணன்னா சீரும் செய்யணும், புத்தியும் சொல்லணும்.”

தம்பி என்று ஒப்புக்கொண்டேன். அவள் என்னைவிட மூன்று நான்கு வயது இளையவளாக இருப்பாள்.

அக்காவுக்கு ஒரு சேலை. அது போவதற்கான மூலையில் முடிந்திருந்த பணம். கப்பல் கட்டணம் மிச்சமாகிறதே, அதனால் நியாயம்தான் என்று நினைத்தேன். சேலை வாங்கி வந்த அன்றைக்குத்தான் இன்னொன்று தெரிந்தது. சூசையின் மகளுக்குப் புதுநன்மை வருகிறது. பிள்ளை முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள் அது. அதற்கு வெள்ளைக் கவுன், தலைக்கு முக்காடு, பூக்கிரீடம், கையில் பெரிய மெழுகுதிரி. எல்லாம் தாய்மாமன் கணக்கு. தின்பதற்கான மூலை அவிழ்ந்தது. பிள்ளை கிரீடத்தோடு என் முன்னால் வந்து நின்று, “மாமா, சப்பாத்து?” என்றது. காலுக்குப் பூட்ஸ் வாங்கத் திரும்பி வருவதற்கான மூலையையும் அவிழ்த்தேன். கொழும்புக் கப்பலில் போகவரவே இதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

ஆனால் உரிமை உரிமைதான். அன்று மத்தியானம் என் வட்டிலில் மீன்தலை விழுந்தது. எங்கள் ஊரில் மீன் என்றால் கருவாடு. அதற்குத் தலை இருந்ததா என்று யோசித்ததே இல்லை. இந்தத் தலை என்னைப் பார்த்தது. நான் இந்தப் பக்கம் நகர்ந்தால் இந்தப் பக்கம் பார்த்தது. சோற்றால் அதன் கண்ணை மூடிவிட்டு ஓரத்தில் கொஞ்சம் பிய்த்துத் தின்றேன்.

எதிரே சூசை தன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். “அண்ணே, பாருங்க, கன்னத்தை விட்டுட்டான்” என்றான் தண்டலிடம். “மூளையையும் விடுதான். முள்ளைப் போயி சூப்புதான்.”

“வாயை மூடு. நீ தின்னதாலதான் இவ்வளவும்” என்றாள் ரோசம்மாள்.

மறுநாள் கடலுக்குப் போனோம். என் கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். மூச்சு முடியும் நேரம் சூசை கீழிருந்து கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவான், உடனே இழுக்க வேண்டும். அவன் சிலுவை போட்டுக்கொண்டு முங்கினான். தண்ணீர் மூடிக்கொண்டது. எனக்கு அந்தச் சேலை நினைவுக்கு வந்தது. சிவப்புச் சேலை. இவன் மேலே வராவிட்டால் ரோசம்மாள் அதை இனி உடுத்தமாட்டாள். அந்தப் பிள்ளை வெள்ளைக் கவுனோடு வாசலில் நிற்கும். என் கை தானாக இழுத்துவிட்டது.

சூசை வெறும் கையோடு மேலே வந்தான். “என்னலே?”

“ஒண்ணுமில்ல. நல்லா இருக்கியான்னு பாத்தேன்.”

மறுபடி முங்கினான். மறுபடி இழுத்தேன். அன்றைக்கு முழுவதும் அதே கதைதான். பக்கத்து வள்ளங்களில் குவியல் ஏறிக்கொண்டிருந்தது, எங்கள் வள்ளத்தில் இரண்டே சங்கு. அதில் ஒன்று விலைபோகாத செத்த சங்கு. “மச்சான், உன் கால்ல விழுதேன், எனக்கு மூச்சு இருக்கும்போதே தூக்காதலே!” என்று சூசை தண்ணீரில் மிதந்தபடி கத்தினான். நான் வள்ளத்தின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் கயிற்றை மட்டும் விடவில்லை.

கரையில் இதைக் கேட்ட ரோசம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “இவன்லா தம்பி! பாசம் இருக்கிறவன் கை சும்மா இருக்குமா?” என்று தெருவெல்லாம் சொன்னாள். சூசை தலையில் கையை வைத்தான்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. வாரக் கடைசியில் சூசை அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டான். “சரக்கு பாதி ஏறினா போதும், பாயை விரியுங்க. இவனைக் கொண்டுபோயி விட்டுட்டு அவனைக் கொண்டாங்க. இன்னும் பத்து நாள் இவன் பாசம் காட்டினா நாங்க குடும்பத்தோட பட்டினிதான்.”

இப்படித்தான் சரக்கு பாதியும் நானுமாகத் தோணி கிளம்பியது.

தோணியில் இருந்த ஆறு பேரும் தண்டலின் பங்காளிகள். ஆகவே நான் ஆறு பேருக்கும் மச்சான். சொந்தக்காரனுக்குக் கட்டணம் கிடையாது. சும்மா உட்காரவும் விடமாட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. “மச்சான், தண்ணி இறை.” “மச்சான், அடுப்பை ஊது.” “மச்சானுக்கு வாந்தி வருது, காத்துப் பக்கம் நிறுத்தாதீங்கலே, நம்ம மேல விழும்.” கப்பல் டெக்கில் நின்றுகொண்டே போயிருந்தால் வேடிக்கை பார்த்திருக்கலாம் என்று அடிக்கடி நினைத்துக்கொண்டேன். கஞ்சியும் சுட்ட கருவாடும் சாப்பாடு. உள்ளே போனதில் பாதி வெளியே வந்துவிட்டதால் நான் ஒரு பங்கு சாப்பிட்டேனா அரைப் பங்கு சாப்பிட்டேனா என்று அவர்களுக்குள் தர்க்கம்.

நடுக்கடலில் காற்று ஒருநாள் முழுக்க நின்றுவிட்டது. நாலு பக்கமும் பார்த்தேன். குமாஸ்தா சொன்னது சரி. பாதி தூரத்தில் ஒன்றுமே இல்லை.

கொழும்பில் ஒரு காலையில் கரை ஏறினேன். லாசர் புறக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறான் என்பது மட்டும்தான் தகவல். சீரில் தப்பின சில்லறை மடியில் கொஞ்சம் இருந்தது. கால் தள்ளாடியதால் டிராம் ஒன்றில் ஏறிவிட்டேன். கண்டக்டர் சிங்களத்தில் எதையோ கேட்டார். தலையை ஆட்டினேன். டிராம் மணியடித்துக்கொண்டு ஊரெல்லாம் போய் எங்கேயோ கடைசியில் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள். மறுபடி சீட்டு வாங்கி அதே டிராமில் திரும்பி, ஏறின இடத்திலேயே இறங்கினேன். எதிரே தமிழில் பலகை எழுதின சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது.

முதலில் வயிற்றைப் பார்த்தேன். அரிசிக்குத் தட்டுப்பாடு, சோறு கிடையாது என்றார்கள். பாண் கொடுத்தார்கள். நாம் ரொட்டி என்பதை அவர்கள் பாண் என்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சிவக்க அரைத்த தேங்காய்ச் சம்பல், ஒரு கடி கடித்ததும் காது அடைத்தது. தேத்தண்ணீர் என்று டீ வந்தது, அதில் இனிப்பு இல்லை. கேட்டதற்கு என் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்தார்கள். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். கித்துள் என்கிற அந்த ஊர்ப் பனையின் கருப்பட்டி. நம்முடையதைவிடக் கொஞ்சம் மெதுவு, கட்டினவன் சரியாகக் கட்டவில்லை, ஓரம் உடைந்திருந்தது.

கல்லாவில் இருந்த முதலாளி நம் பக்கத்து அண்ணாச்சிதான். அவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். “கரையில நின்னு புதுசா வாரவங்களைக் கூட்டிட்டு வாறதுக்குன்னு ஒருத்தனை வச்சேன். தூத்துக்குடித் தோணி ஒண்ணு வந்தா மட்டும் அவனுக்கு வயித்தவலி வந்துருது. எல்லாத் தோணிக்கும் வரல பாத்துக்கோ, அந்த ஒரு தோணிக்குத்தான்.”

எனக்குப் புரிந்துவிட்டது. “அவரு எங்கன?” என்று கேட்டேன். முதலாளி உள்ளே கையைக் காட்டினார்.

விறகு அடுக்கின அறையில் பெஞ்சுக்கு அடியில் ஒருவன் படுத்திருந்தான். குனிந்து, “லாசரா?” என்றேன். “உங்க அக்கா அனுப்பிச்சா.”

“எனக்கு அக்கா கிடையாது.”

“எனக்கு இருக்கா. ரோசம்மா.”

அவன் பெஞ்சில் தலை இடிக்க எழுந்தான். “நீ யாருலே?”

“சூசைக்கு மச்சான்.”

நான் நடந்ததைச் சொன்னேன். கயிறு பிடித்ததைச் சொன்னேன். லாசர் விறகில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டான். சேலை எடுத்தேன் என்றதும் உதட்டைக் கடித்தான். பிள்ளைக்குக் கிரீடமும் மெழுகுதிரியும் சப்பாத்தும் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “சப்பாத்து கறுப்பா வெள்ளையா?” என்று மட்டும் கேட்டான். வெள்ளை என்றேன்.

“சூசை எப்படி இருக்கான்?”

“மெலிஞ்சு போயிட்டான். சங்கு கிடைக்கல. நீ வந்தாத்தான் இனிமே அடுப்பெரியும்.”

“அவன் செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும்” என்றான். எழுந்து போய்விடப் போகிறவன் போல வேட்டியை இறுக்கிக் கட்டினான். நான் வந்த காரியம் கெட்டது என்று நினைத்தேன். வாசல் வரை போனவன் திரும்பி நின்றான்.

“மீன்தலையை இப்ப யாருக்கு வைக்குதா?”

“எனக்குத்தான்.”

“அக்கா கையாலயா?”

“ஆமா. தினமும்.”

“கன்னத்தைத் தின்னியா?”

“இல்ல. விட்டுட்டேன்.”

“மூளையை?”

“அது என்னைப் பாக்குது, லாசர். எனக்குப் பயமா இருந்துச்சு. பூனைக்குப் போட்டுட்டேன்.”

லாசர் சுவரைப் பிடித்துக்கொண்டான். சேலைக்கும் கிரீடத்துக்கும் வராத கண்ணீர் இதற்கு வந்துவிட்டது. “பூனைக்கா? எங்கக்கா வச்ச தலையைப் பூனைக்கா போட்ட? ஏலே, நீயெல்லாம் ஒரு மச்சானாலே!” என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். “இனி நீ அந்த வீட்டுப் பக்கம் கால் வைக்கக்கூடாது. நான் இன்னைக்கே போறேன்.”

போ என்றேன். அதற்குத்தானே வந்தேன்.

கொஞ்சம் ஆறியபின் வேறொரு கௌரவம் அவனைப் பிடித்துக்கொண்டது. சீர் அவன் செய்ய வேண்டியது, இன்னொருத்தன் செய்து அவன் அதை வைத்துக்கொள்ள முடியாது. திருப்பிக் கொடுக்கப் பணமும் இல்லை. மடியைத் தட்டிப் பார்த்தான், சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான், பிறகு என்னை இழுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனான்.

“அண்ணாச்சி, நான் ஊருக்குப் போறேன். என் வேலையை இவனுக்குக் குடுங்க. இவன் எங்க வீட்டு ஆளு.”

அரை நாழிகைக்கு முன்புதான் என்னை அந்த வீட்டிலிருந்து விலக்கியிருந்தான். முதலாளி என் கையில் ஆறாத அம்மைப் புண்ணையும் வார் அறுந்து தொங்கின செருப்பையும் பார்த்தார். வேறு ஆள் கிடைக்காததால் சரி என்றார்.

தோணி சரக்கிறக்கித் திரும்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரைகூட லாசருக்குப் பொறுக்கவில்லை, அப்போதே போய்த் தோணியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். தண்டல் அவனைக் கூப்பிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கடலைப் பார்த்து, “கஞ்சி இருக்கு” என்றார். லாசரும் கடலைப் பார்த்துக் குடித்தான்.

மறுநாள் காலையில் முதலாளி என்னைக் கரைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். கப்பலிலும் தோணியிலும் முதன்முறையாக வந்து இறங்குகிறவர்களைப் பார்த்து, தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் எப்படிச் சிக்கனமாகத் திட்டம் போடுவது என்று எடுத்துச் சொல்லிக் கடைக்கு அழைத்து வர வேண்டும். அதுதான் வேலை. தூரத்தில் கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றின படகு ஒன்று வந்துகொண்டிருந்தது.

“புதுசா வாரவன் செலவை நினைச்சு மிரண்டு போயிருப்பான்” என்றார் முதலாளி. “ரொம்பப் பேசாதே. செலவே இல்லாம வந்து சேந்தவன் மாதிரி முகத்தை வச்சுக்கோ, போதும்.”

வைத்துக்கொண்டேன்.